வலது காலுக்குத் தடை

ஹைதராபாத்தில் ஒரு காலத்தில் விநோதமான கால்பந்துப் போட்டிகள் நடந்தன. ஒன்றில் டிரிபிள் கூடாது, அதாவது பந்தை உருட்டிக்கொண்டு ஓடக் கூடாது. வந்த பந்தை உடனே இன்னொருவருக்குத் தள்ளிவிட வேண்டும். இன்னொன்றில் வலது கால்காரர்கள் இடது காலால்தான் உதைக்கலாம், இடது கால்காரர்கள் வலது காலால். குட்டையானவர்கள் மட்டும் ஆடலாம் என்று உயர வரம்பு வைத்தும் ஒரு போட்டி உண்டு. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்கள். நன்றாக ஆடத் தெரிந்தவன் தடுமாறுவதைப் பார்ப்பதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது.

இவற்றை ஏற்பாடு செய்தவர் சையது அப்துல் ரஹீம். ஹைதராபாத்துக்காரர்களுக்கு அவர் ரஹீம் சாப். 1909ல் பிறந்து, உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்து, பள்ளிக்கூட வாத்தியாராக வேலை பார்த்தவர். பிறகு உடற்கல்வி படித்தார். ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் ஆனார். 1950லிருந்து ஹைதராபாத் நகரப் போலீஸ் அணிக்குப் பயிற்சியாளர். அந்த அணி 1950 தொடங்கி 1954 வரை ஐந்து வருடமும் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது. இந்திய அணிக்கு அவர் பயிற்சியாளராக இருந்த காலத்தில்தான் 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் மறுபடி தங்கம். 2024ல் அஜய் தேவ்கன் நடித்து ‘மைதான்’ படம் வந்தபிறகு அவர் பெயர் பலருக்குத் தெரியவந்தது. சினிமாவுக்கு வெற்றியும் கண்ணீரும் போதும். எனக்கோ அந்த விநோத விதிகள்மேல்தான் கண். ஒரு வாத்தியார் அனுபவத்தாலும் உள்ளுணர்வாலும் கண்டுபிடித்த பயிற்சிமுறை ஏன் பலிக்கிறது என்பதை அறிவியல் பின்னால் வந்து ஒவ்வொன்றாக விளக்கியிருக்கிறது.

முதலில் அந்த இடது கால். நம் இடது காலை இயக்குவது மூளையின் வலது பாதி; வலது காலை இயக்குவது இடது பாதி. இரண்டு பாதிகளையும் கோடிக்கணக்கான நரம்பிழைகள் கொண்ட ஒரு தடித்த பட்டை இணைக்கிறது. ஒரு பக்கம் கற்றுக்கொண்டதை மறுபக்கமும் ஓரளவு தெரிந்துகொள்ளும். 1894லேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சர் என்பவர் இதைச் சோதித்துக் காட்டிவிட்டார்: ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால், சும்மா இருந்த கைக்கும் கொஞ்சம் பலம் கூடுகிறது.

கால்பந்துக்கு வந்தால் இது இன்னும் சுவாரசியம். 2003ல் நார்வேயில் ஹோலாண்ட், ஹாஃப் என்ற இருவர் இளம் ஆட்டக்காரர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டம் வழக்கம்போலப் பயிற்சி செய்தது. மற்றக் கூட்டம் எட்டு வாரங்களுக்குப் பயிற்சிகளையெல்லாம் பழகாத காலால் செய்தது. முடிவில் சோதித்தபோது பழகாத கால் தேறியிருந்தது, அதில் ஆச்சரியமில்லை. ஆனால் எட்டு வாரம் தனிப் பயிற்சி பெறாத நல்ல காலும் தேறியிருந்தது! பழக்கமான கால் எதையும் யோசிக்காமல் செய்துவிடும். பழகாத கால் அப்படியல்ல. ஊன்றும் காலை எங்கே வைப்பது, இடுப்பை எவ்வளவு திருப்புவது, எப்போது கணுக்காலை இறுக்குவது என்று ஒவ்வொன்றையும் மூளை மறுபடி கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கின் பலன் இரண்டு காலுக்கும் போய்ச் சேர்கிறது என்று கொள்ளலாம். ரஹீம் போட்டி நடத்தி அரை நூற்றாண்டு கழித்துத்தான் இந்தப் பரிசோதனை நடந்தது.

விளையாட்டு அறிவியலில் இப்போது இதற்கென்று ஒரு பள்ளியே இருக்கிறது. கார்ல் நியூவெல் என்ற ஆய்வாளர் 1986ல் எழுதினார்: மனித அசைவு எதுவும் மூன்று வகைக் கட்டுகளுக்குள் உருவாகிறது. ஆடுபவரின் உடல் ஒன்று, ஆடும் சூழல் ஒன்று, ஆட்டத்தின் விதி ஒன்று. ‘இப்படி உதை’ என்று சொல்லிக்கொடுப்பதைவிட, இந்தக் கட்டுகளில் ஒன்றை மாற்றிவிட்டு ஒதுங்கி நின்றால் உடல் தானே புது வழியைத் தேடிக்கொள்ளும். உயர வரம்பு உடலைத் தொட்டது. டிரிபிள் தடையும் இடது கால் விதியும் ஆட்டத்தின் விதியைத் தொட்டன. மிச்சம் இருப்பது சூழல். அதைப் பற்றிப் பேச ஹைதராபாத்தை விட்டுக் கடற்கரைக்கு வர வேண்டும்.

ஆந்திராவும் தமிழ்நாடும் பங்குபோட்டுக்கொள்ளும் பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல். அதன் தென்கோடியில், முகத்துவாரத்தை ஒட்டி ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கிற மணல் திட்டில் வரிசையாக மீனவக் குப்பங்கள். லைட்ஹவுஸ் குப்பம், அரங்கங்குப்பம், கூனங்குப்பம் என்று பெயர்கள். இந்தக் கரைகளில் பிள்ளைகள் பந்து உதைக்க நல்ல புல்தரை தேடிப் போக வேண்டியதில்லை, எங்கும் மணல்தான். அந்த மணல் ஒரு பொல்லாத பயிற்சியாளர்.

1998ல் பெல்ஜியத்தின் லூவான் பல்கலைக்கழகத்தில் மணலில் நடப்பவர்களையும் ஓடுபவர்களையும் அளந்தார்கள். கெட்டித் தரையில் ஓடுவதைவிட மணலில் ஓட 1.6 மடங்கு சக்தி செலவானது. நடக்க 2.1 முதல் 2.7 மடங்கு. கெட்டித் தரையில் ஓடும்போது குதிகால் தசைநாண் வில்லைப்போல் இழுபட்டு, சேமித்த விசையை அடுத்த எட்டுக்குத் திருப்பித் தரும். மணலில் கால் புதைகிறது. துகள்கள் விலகி ஓடுகின்றன. அவற்றை நகர்த்தவே ஒரு பங்கு உழைப்பு போய்விடுகிறது. வில் இழுக்கிறது, திருப்பித் தருவதற்குப் பிடிமானம் இல்லை. தசை மறுபடி முதலிலிருந்து உழைக்க வேண்டும்.

ஆனால் கடற்கரை முழுவதும் ஒரே மணல் இல்லை. மேலே காய்ந்த பட்டை; அதில் கால் கணுக்கால்வரை போகும். அலை வந்து போகிற விளிம்பில் சேறுபோல் கொழகொழப்பு. இரண்டுக்கும் நடுவே, அலை சற்று முன்பு நனைத்துவிட்டுப் போன ஒரு பட்டை கெட்டியாக இருக்கும். பந்தாட்டம் எப்போதும் அங்கேதான் போய்ச் சேரும்; பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காய்ந்த மணலில் துகள்களைச் சேர்த்துப் பிடிக்க ஒன்றும் கிடையாது. கொஞ்சம் ஈரம் சேர்ந்ததும் ஒவ்வொரு இரு துகளுக்கும் நடுவே ஒரு சிறு நீர்ப்பாலம் உண்டாகிறது. நீரின் பரப்பு இழுவிசை இரண்டையும் ஒன்றோடொன்று இழுத்துக் கட்டுகிறது. மணல் வீடு நிற்பது அந்தக் கட்டால்தான். தண்ணீர் அதிகமாகி இடைவெளியெல்லாம் நிரம்பிவிட்டால் பாலங்கள் கரைந்துபோகும், மணல் மறுபடி ஓடும்.

அந்த ஈரப் பட்டையில் காலை அழுத்தினால் பாதத்தைச் சுற்றி ஒரு வட்டம் திடீரென்று வெளுத்துக் காய்ந்ததுபோல் தெரியும். எல்லோரும் பார்த்ததுதான். நாம் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்துவிட்டோம் என்றுதான் நினைப்போம். நடப்பது அதற்கு நேர்மாறு. நெருக்கமாக அடுக்கியிருந்த துகள்கள், மிதிபட்டதும் ஒன்றன்மேல் ஒன்று ஏற முயல்கின்றன. அவற்றுக்கிடையே இடம் பெருகுகிறது. மேற்பரப்புத் தண்ணீர் அந்த இடத்துக்குள் உறிஞ்சப்படுகிறது. 1885ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதை விளக்கினார். அந்த உறிஞ்சலே மணலைக் காலடியில் ஒரு கணம் இறுக்கிப் பிடிக்கிறது. பந்தை உதைக்க ஊன்றிய காலுக்கு அந்த ஒரு கணம் போதும்.

பந்துக்கும் மணல் விதி போடுகிறது. எழும்பாது, சீராக உருளாது, பாத்தி பாத்தியாகக் கிடக்கும் காலடித் தடங்களில் திசை மாறும். டிரிபிள் செய்ய நினைப்பவன் இரண்டு அடியில் பந்தை விட்டுவிடுவான். தரையோடு உருட்டிக் கொடுக்கும் பாஸும் போய்ச் சேராது. பந்தைக் கால்விரலால் கிண்டித் தூக்கி, காற்றிலேயே கொடுத்து, காற்றிலேயே வாங்க வேண்டும். ரஹீம் எழுதிப்போட்டுக் கொண்டுவந்த விதியைக் கடல் இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறது.

இதைச் சொல்லிவிட்டு, கடலோரப் பிள்ளைகள் எல்லோரும் பிறவி ஆட்டக்காரர்கள் என்று கவிதை பாடுவது எனக்குப் பிடிக்காது. மணலில் கால் தரையைத் தொட்டிருக்கும் நேரம் அதிகம். கெட்டித் தரையில் வெடித்துக் கிளம்பும் வேகம் அங்கே பழகுவதில்லை. மணல் ஒரே தடையைத்தான் போடும், தினமும் அதே தடையை. யாருக்கு எப்போது எதைத் தடுப்பது என்று அதற்குத் தெரியாது.

வெறுங்கால் விஷயமும் இப்படித்தான். வெறுங்காலால் உதைத்தால் வேகம் வராது என்பது பொதுவான எண்ணம். ஜெர்மனியில் நடந்த சோதனைகளில் வெறுங்காலால் உதைத்த பந்து பூட்ஸ் காலால் உதைத்ததைவிடச் சற்று வேகமாகவே போனது. பூட்ஸ் தடுக்காததால் பாதம் முழுதாக நீண்டு விறைக்கிறது; விறைத்த பாதம் பந்துக்கு விசையை இழக்காமல் கொடுக்கிறது. பாதத்தின் தோலில் தொடு உணர்வு முனைகள் ஏராளம். பந்து எங்கே பட்டது, எப்படி நழுவியது என்று நேரடிச் செய்தி போகும். அந்நாளைய இந்திய ஆட்டக்காரர்கள் வெறுங்காலை விரும்பியதில் நியாயம் இருந்தது.

அந்த நியாயம் ஹெல்சிங்கியில் செல்லவில்லை. 1952 ஒலிம்பிக்கில் இந்திய அணியில் பலர் வெறுங்காலோடு இறங்கினார்கள். யூகோஸ்லாவியா 10-1 என்று வென்றது. வெறுங்காலின் பலம் உதைப்பதில், பலவீனம் ஊன்றுவதில். ஈரப் புல்லில் பூட்ஸின் ஆணிகள் மண்ணுக்குள் இறங்கிப் பிடிக்கும்; தோல் வழுக்கும். திரும்பவும் நிற்கவும் பாயவும் எதிராளிக்குக் குறைந்த நேரம் போதும். இதற்குப் பிறகு இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. அந்த அணியின் பயிற்சியாளர் ரஹீம்தான். ஆனால் தோல்வி முழுவதையும் பூட்ஸ் கணக்கில் எழுதிவிட முடியாது. எதிரணி பந்தைப் பாஸ் செய்த வேகமும் ஒரு காரணம்; அந்தப் பக்கம் ரஹீமுக்குக் கூர்மையான பார்வை இருந்தது.

ஒரு சின்னக் கணக்கு. பந்தோடு ஓடுபவர் நொடிக்கு 6 மீட்டர் போவதாக வைத்துக்கொள்வோம். நல்ல பாஸ் நொடிக்கு 15 மீட்டர் போகும். 30 மீட்டர் தூரத்தை முதலாமவர் கடக்க 5 விநாடி, பந்து கடக்க 2 விநாடி. நடுவில் மிச்சமாகும் 3 விநாடியில் எதிரணித் தடுப்பாளர் 18 மீட்டர் ஓடிவந்து வழியை அடைத்துவிடுவார். டிரிபிள் கூடாது என்ற விதி அந்த 18 மீட்டரைப் பற்றியது. மக்கள் கைதட்டுவது டிரிபிளுக்கு. ஆட்டம் ஜெயிப்பது பாஸால். இந்தியக் கால்பந்து அன்று தனித்திறமையில் மயங்கிக் கிடந்தது.

பந்து வந்தவுடன் தட்டிவிட வேண்டுமானால், வருவதற்கு முன்பே எங்கே தட்டுவது என்று தெரிந்திருக்க வேண்டும். கண்ணில் பட்டதற்கு உடல் பதில் சொல்லவே ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். யோசித்துத் தேர்ந்தெடுக்க இன்னும் கூடுதல். எனவே கண் பந்தைவிட்டு விலகி, தோளுக்குப் பின்னால் போய்வர வேண்டும். நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட், இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஆட்டக்காரர்களைக் கேமராவில் தொடர்ந்து கவனித்தார். பந்து வருமுன் அடிக்கடி சுற்றிப் பார்ப்பவர்களின் பாஸ்தான் சரியாகப் போய்ச் சேர்கிறது என்று கண்டார். ‘சுற்றிப் பார்’ என்று கத்தினால் பிள்ளை இரண்டு நிமிடம் பார்ப்பான், பிறகு மறந்துவிடுவான். டிரிபிளைத் தடுத்துவிட்டால் பார்க்காமல் பிழைக்க வழியே இல்லை.

பார்த்து என்ன தேட வேண்டும்? இடத்தை. சின்னப் பிள்ளைகள் ஆடும்போது பந்தைச் சுற்றி ஒரே கும்பலாக ஓடுவார்கள். மைதானத்தின் முக்கால் பங்கு காலியாகக் கிடக்கும். இந்த விஷயத்தில் பழவேற்காட்டு மீனவர்கள் வெகு காலத்துக்கு முன்பே தெளிவாக இருந்திருக்கிறார்கள். ஏரியில் எங்கு வேண்டுமானாலும் சுத்துவலை கட்டினால் இறால் விழுந்துவிடாது. நீரோட்டம் சரியாக ஓடும் இடங்கள் சிலதான். வலைகளோ பல. எல்லோரும் ஒரே இடத்தில் மொய்த்தால் எவருக்கும் ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் ‘பாடு’ முறை: எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 1991ல் இதைப் பற்றித் தனி ஆய்வறிக்கையே வெளியிட்டது.   நல்ல கால்பந்து அணியும் இப்படித்தான், ஒருவர் இடத்தில் இன்னொருவர் போய் நிற்க மாட்டார். ஏரியில் பாடு நாள்கணக்கில் மாறுகிறது, மைதானத்தில் விநாடிக்கு விநாடி.

1953ல் லண்டன் வெம்பிளியில் ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என்று சாய்த்தபோது உலகம் பார்த்தது இந்த இடம் மாறும் கலையைத்தான். முன்னணியில் நிற்க வேண்டிய ஹிதேகுட்டி பின்னால் இறங்கி ஆடினார். அவரைத் துரத்துவதா, இடத்தைக் காப்பதா என்று தெரியாமல் ஆங்கிலேயத் தடுப்பாளர்கள் விழித்தார்கள். ரஹீம் இந்தப் பாணியைக் கூர்ந்து படித்தவர். மூன்று ஆண்டு கழித்து மெல்போர்னில், உள்ளூர் அணியான ஆஸ்திரேலியாவை இந்தியா 4-2 என்று வென்றது. நெவில் டிசோசா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர். ஒலிம்பிக் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய அணியும் அதுதான். அங்கே மறுபடி யூகோஸ்லாவியா. இந்த முறை 4-1. தோல்விதான். என்றாலும் பத்துக்கும் நாலுக்கும் நடுவே நான்கு வருட உழைப்பு இருக்கிறது.

1962 ஜகார்த்தாவில் முதல் ஆட்டமே தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. பிறகு தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்று முன்னேறினார்கள். நடுவே தடுப்பாட்டத்தின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல். தடுப்பில் நிற்கவைக்க முடியாத நிலை. வேறு பயிற்சியாளராக இருந்தால் அவரை உட்கார வைத்திருப்பார். ரஹீம் அவரைக் கொண்டுபோய் முன்னணியில் நிறுத்தினார். செப்டம்பர் 4, இறுதி ஆட்டம், எதிரே அதே தென்கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் போட்டிகளிலிருந்து விலக்கியதை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்ததால் கோபத்தில் இருந்த ஜகார்த்தாக் கூட்டம் இந்தியாவுக்கு எதிராகக் கத்திக்கொண்டிருந்தது. 17வது நிமிடம் பி.கே. பானர்ஜி ஒரு கோல். 20வது நிமிடம் இன்னொன்று. போட்டவர் ஜர்னைல் சிங். கோல் கம்பத்துக்கு நடுவே நின்றவர் பீட்டர் தங்கராஜ். மெட்ராஸ் ரெஜிமெண்ட் வளர்த்த ஆள், அவரும் சென்டர் ஃபார்வர்டாகத் தொடங்கிக் கோல்கீப்பராக மாறியவர். தடுப்பாளர் கோல் போட, பழைய ஃபார்வர்டு கோலைக் காக்க, 2-1 என்று தங்கம் வந்தது. கால்களின் பழக்கத்தை உடைத்த மனிதருக்கு ஆட்டக்காரர்களின் இடத்தைப் புரட்டிப்போடுவது பெரிய காரியமாக இருந்திருக்காது.

அப்போதே ரஹீமுக்கு நுரையீரல் புற்றுநோய். 1963 ஜூன் 11 அன்று காலமானார், வயது 53. அவர் வார்த்த ஆட்டக்காரர்கள் 1964 ஆசியக் கோப்பையில் இந்தியாவை இரண்டாம் இடம்வரை கொண்டுபோனார்கள். 1966 ஆசிய விளையாட்டில் குழுச்சுற்றோடு திரும்பினோம். 1970ல் ஒரு வெண்கலம் கிடைத்தது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் தங்கம் அதற்குப் பிறகு வரவில்லை.

இத்தனை மலிவான முறையை ஏன் ஊர் ஊராகப் பின்பற்றவில்லை? ஒரு பந்தும் ஒரு விதியும் போதும். குப்பத்துப் பள்ளிக்கூட உடற்கல்வி ஆசிரியர்கூட நாளைக் காலையில் தொடங்கலாம். பதிலின் ஒரு பகுதி 1979ல் ஷே, மார்கன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் செய்த பரிசோதனையில் கிடைக்கிறது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து பழகியவர்கள் பயிற்சியின்போது பிரமாதமாகச் செய்தார்கள். அசைவுகளை மாற்றி மாற்றிக் குழப்பிப் பழகியவர்கள் தடுமாறினார்கள். சில நாள் கழித்து மறுபடி சோதித்தபோது முடிவு தலைகீழ்: தடுமாறியவர்களே முந்தினார்கள். அதாவது நல்ல பயிற்சி, நடக்கும் நேரத்தில் மோசமாகத் தெரியும். மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் அதிகாரிக்கும் பெற்றோருக்கும் அணி முதலாளிக்கும் பிள்ளைகள் சொதப்புவதுதான் கண்ணில் படும். இன்றைய பயிற்சியாளர்கள் பலருக்கு ஒரு சீசன்தான் கெடு. அதற்குள் சொதப்பலைக் காட்டிவிட்டு வேலையைத் தக்கவைக்க முடியுமா? ஹைதராபாத் போலீஸ் அணி ரஹீமை 1950லிருந்து அவர் சாகும்வரை வைத்திருந்தது.